“ஐ’ல் டெஃபனட்லி” என்கிறார்கள், ஆனால் “ஐ டெஃபனட்லி வோன்ட்” என்கிறார்கள். அட்வெர்ப் ஏன் இடம் மாறுகிறது?

பவானிக்கரை எழுதியது:

வணக்கம் நண்பர்களே. எங்கள் டீமில் பாதிப் பேர் லண்டனில் இருக்கிறார்கள், நாள் முழுக்க சாட்டிலும் போன் காலிலும் அவர்களோடுதான் வேலை. அவர்கள் எழுதுவதைப் பார்த்துப் பார்த்து எனக்கு ஒரு சந்தேகம் வந்துவிட்டது. இணையத்தில் தேடினால் அட்வெர்புகளுக்கு (டெஃபனட்லி, ஆல்ரெடி மாதிரிச் சொற்கள்) ஒரு பட்டியல், சுருக்க வடிவங்களுக்கு (ஐ’ல், வோன்ட் மாதிரி) ஒரு பட்டியல் என்று தனித்தனியாகக் கிடைக்கிறது. இரண்டும் ஒரே வாக்கியத்தில் வந்தால் எது முன்னால், எது பின்னால் என்று தெளிவாகச் சொல்கிற இடம் எதுவும் கண்ணில் படவில்லை.

விஷயம் இதுதான். ஒருவர் வருவதாக இருந்தால் “ஐ’ல் டெஃபனட்லி பி தேர்” என்று எழுதுகிறார். வரப்போவதில்லை என்றால் அதே ஆள் “ஐ டெஃபனட்லி வோன்ட் பி தேர்” என்கிறார். முதல் வாக்கியத்தில் துணைவினைக்கு (வில், ஹேவ் மாதிரி முக்கிய வினைக்குத் துணையாக வருகிற சொல்) பின்னால் இருந்த டெஃபனட்லி இரண்டாவதில் முன்னால் வந்துவிட்டது. ஏன் “ஐ வோன்ட் டெஃபனட்லி பி தேர்” என்று யாருமே எழுதுவதில்லை?

அதேபோல “ஐ’வ் ஆல்ரெடி சென்ட் இட்” என்கிறார்கள், ஆனால் “ஐ ஸ்டில் ஹேவன்ட் காட் இட்” என்கிறார்கள். இங்கேயும் அதே இடமாற்றம்.

இன்னொன்றும் இருக்கிறது. கான்பரன்ஸுக்குப் போயிருக்கிறீர்களா என்று கேட்டதற்கு ஒருவர் “நோ, ஐ நெவர் ஹேவ்” என்று பதில் போட்டார். மற்ற இடங்களில் எல்லாம் ‘ஐ’வ்’ என்று சுருக்குகிறவர் இங்கே மட்டும் ஏன் முழுசாக எழுதினார்? நெவர் முன்னால் வந்ததாலா, அல்லது வாக்கியம் அங்கேயே முடிந்ததாலா?

பழகப் பழக வந்துவிடும் என்று சொல்லாமல், காரணம் தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கினால் நன்றாக இருக்கும். பழக்கத்தில் எனக்குப் பாதி வந்துவிட்டது, ஏன் என்று தெரியாததால்தான் புது வாக்கியம் எழுதும்போது கை நிற்கிறது.

வைகறை எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. மதுரையில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறவள் நான், பெரிய பெரிய கிராமர் எல்லாம் முடித்தவர்கள்கூட வந்து நிற்கிற இடம் இது.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். சுருக்க வடிவம் என்று எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் போடுகிறோமே, அதுதான் குழப்பத்துக்குக் காரணம். அவற்றில் இரண்டு சாதி இருக்கிறது. வில், ஹேவ், இஸ், ஹேட், வுட், ஆர், ஆம் இவையெல்லாம் தேய்ந்து ‘ல்’, ‘வ்’, ‘ஸ்’, ‘ட்’, ‘ர்’, ‘ம்’ என்று ஆகிவிட்டால், அதற்கு மேல் தனியாக நிற்க அவற்றுக்குத் தெம்பு கிடையாது. முன்னால் இருக்கிற சொல்லின் மேல் சாய்ந்துகொள்ளும். அது எழுவாயாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை, எது பக்கத்தில் இருக்கிறதோ அதன் மேல். “தி கேர்ல் நெக்ஸ்ட் டோர்’ஸ் ஆல்ரெடி லெஃப்ட்” என்று சாதாரணமாகச் சொல்வார்கள். கிளம்பிப் போனது பெண், ஆனால் ‘ஸ்’ ஒட்டிக்கொண்டிருப்பது கதவில்.

நாட் சுருங்கி ‘ன்ட்’ ஆவது வேறு கதை. அது எதன் மேலும் சாயாது, துணைவினையோடு மட்டும்தான் ஒட்டும், ஒட்டிய பிறகு அந்த வினையின் ஓர் உறுப்பாகவே ஆகிவிடும். வில் என்பது வோன்ட் ஆகும்போது உள்ளே உயிரெழுத்தே மாறிவிடுகிறது பாருங்கள். கேள்வியாக்கினால் “வோன்ட் யூ கம்?” என்று வினையோடு சேர்ந்து ‘ன்ட்’டும் முன்னால் ஓடிவரும். 1983-ல் ஆர்னால்ட் ஸ்விக்கி, ஜெஃப்ரி புல்லம் என்ற இரண்டு மொழியியலாளர்கள் ‘லாங்குவேஜ்’ ஆய்விதழில் இதைத்தான் வாதிட்டார்கள்: ‘ன்ட்’ என்பது வெறும் சுருக்கம் அல்ல, அது வினையின் விகுதி. எனக்கு அது முழுக்கச் சரி என்று படுகிறது, வகுப்பில் இதைச் சொன்ன பிறகுதான் பலருக்கு வெளிச்சம் வருகிறது.

இப்போது உங்கள் டெஃபனட்லிக்கு வருவோம். ஆங்கிலத்தில் இந்த மாதிரி அட்வெர்புகளின் வழக்கமான இடம் முதல் துணைவினைக்கு அடுத்து. “ஐ’ல் டெஃபனட்லி”, “ஷீ’ஸ் ப்ராபப்ளி”, “தே’வ் ஆல்ரெடி”, “வி’ட் ஆல்வேஸ்”. ஐ-க்கும் ‘ல்’லுக்கும் நடுவே எதையும் செருக முடியாது, செருகினால் ‘ல்’ சாய்வதற்கு ஆள் இல்லாமல் போய்விடும். அதனால் சுருக்கிய உடன்பாட்டு வாக்கியத்தில் உங்களுக்குத் தேர்வே இல்லை, அட்வெர்ப் பின்னால்தான்.

எதிர்மறையில்தான் தேர்வு வருகிறது. வோன்ட் என்பது தெம்பான முழுச்சொல், அதற்கு முன்னாலும் அட்வெர்ப் வரலாம், பின்னாலும் வரலாம். எங்கே வைக்கிறோம் என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். முன்னால் வைத்தால் இல்லை என்பதையும் சேர்த்து அட்வெர்ப் மூடிக்கொள்கிறது. பின்னால் வைத்தால் இல்லை என்பது அட்வெர்பையே மறுக்கிறது. “ஐ டெஃபனட்லி வோன்ட் பி தேர்” என்றால் வரமாட்டேன், அது உறுதி. திருப்பிப் போட்டால் வருவது உறுதி இல்லை என்பதுபோல ஆகிவிடும், அப்படிச் சொல்ல வேண்டுமானால் அவர்கள் வேறு மாதிரி சொல்லிவிடுவார்கள், “ஐ மைட் நாட் பி தேர்” என்று. ப்ராபப்ளி, சர்ட்டன்லி, ஆப்வியஸ்லி எல்லாம் இதே வகைதான். இவை பேசுகிறவர் முழுச் செய்தியைப் பற்றியும் சொல்கிற அபிப்பிராயம், அதனால் மறுப்புக்கு வெளியே நின்றுகொள்ளும்.

ஆல்வேஸ் நேர்மாறு. “ஹி டஸன்ட் ஆல்வேஸ் ரிப்ளை” என்றால் எல்லா நேரமும் பதில் போடமாட்டார், சில நேரம் போடுவார். “ஹி ஆல்வேஸ் டஸன்ட் ரிப்ளை” என்று சொல்லமாட்டார்கள், எப்போதுமே போடமாட்டார் என்பதற்கு நெவர் தயாராக இருக்கிறது. யூஷுவலி இரண்டு பக்கமும் வரும், “ஐ டோன்ட் யூஷுவலி” என்றாலும் “ஐ யூஷுவலி டோன்ட்” என்றாலும் பெரிய வித்தியாசம் இல்லை.

ஸ்டில்: ஒரு நிலை தொடர்கிறது என்பதுதான் அதன் வேலை. “ஐ ஸ்டில் ஹேவன்ட் காட் இட்” என்றால் வராத நிலை தொடர்கிறது, ஆகவே ஸ்டில் வெளியே. “ஐ ஹேவன்ட் ஸ்டில்” என்று நம் ஊரில் நிறையப் பேர் எழுதுகிறார்கள், தயவுசெய்து விட்டுவிடுங்கள். யெட் வேண்டுமானால் கடைசியில், “ஐ ஹேவன்ட் காட் இட் யெட்”. ஆனால் ஆச்சரியமாகக் கேட்கும்போது “யூ ஆரன்ட் ஸ்டில் வெயிட்டிங், ஆர் யூ?” என்று வரும், அங்கே காத்திருப்பது தொடர்கிறதா என்பதைத்தான் மறுத்துக் கேட்கிறார்கள்.

சாட்_ராத்திரி எழுதியது:

அக்கா சொன்னது அத்தனையும் சரி. நான் கஸ்டமர் சப்போர்ட்டில் இருக்கிறேன், ராத்திரி ஷிப்ட், முழுக்க எழுத்து சாட். அட்வெர்ப் ஒரு சொல் தள்ளிப்போனால் எதிரில் இருக்கிறவர் கோபப்படுகிற இடங்கள் இருக்கின்றன, அதைச் சேர்த்துச் சொல்கிறேன். குறிப்பாக ரியலி, ஜஸ்ட் இரண்டும்.

“ஐ டோன்ட் ரியலி லைக் இட்” என்றால் அவ்வளவாகப் பிடிக்கவில்லை, மரியாதையாக ஒதுங்குகிற பேச்சு. “ஐ ரியலி டோன்ட் லைக் இட்” என்றால் சுத்தமாகப் பிடிக்கவில்லை. சொற்கள் அதே நான்கைந்துதான். கஸ்டமர் இரண்டாவதை எழுதிவிட்டால் நான் உடனே ரீஃபண்ட் பேச்சை எடுத்துவிடுவேன், முதலாவது என்றால் வேறு மாடல் காட்டிப் பார்ப்பேன்.

ஜஸ்ட் இன்னும் மோசம். “வி டோன்ட் ஜஸ்ட் ரீப்ளேஸ் தி பேட்டரி” என்று ஆரம்பித்தால் பேட்டரி மாற்றுவதோடு நிற்கமாட்டோம், சார்ஜரையும் பார்ப்போம் என்று நல்ல செய்தி வரப்போகிறது. “வி ஜஸ்ட் டோன்ட் ரீப்ளேஸ் தி பேட்டரி” என்றால் மாற்றுவதில்லை, அவ்வளவுதான், மேலே பேசாதே என்கிற தொனி. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதல் நாளே இந்த இரண்டு வாக்கியத்தையும் மேலும் கீழும் எழுதிக் காட்டிவிடுவேன்.

டெலிபரேட்லியும் இப்படித்தான். “ஐ டெலிபரேட்லி டிட்ன்ட் டெல் ஹிம்” என்றால் வேண்டுமென்றே சொல்லாமல் இருந்தேன். “ஐ டிட்ன்ட் டெலிபரேட்லி டெலீட் தி ஃபைல்” என்றால் ஃபைல் அழிந்தது உண்மை, வேண்டுமென்று செய்யவில்லை. மன்னிப்புக் கேட்கிற மெயிலில் இதை இடம் மாற்றிப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு இடத்தில் அக்காவோடு சின்ன வேறுபாடு. எதிர்மறை என்றாலே ப்ராபப்ளி முன்னால்தான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். “ஹி ப்ராபப்ளி இஸ்ன்ட் கமிங்” என்றும் எழுதுகிறார்கள், “ஹி’ஸ் ப்ராபப்ளி நாட் கமிங்” என்றும் எழுதுகிறார்கள், தினமும் பார்க்கிறேன்.

வைகறை எழுதியது:

வேறுபாடு இல்லை தம்பி, அதே கணக்குதான். “ஹி’ஸ் ப்ராபப்ளி நாட்” என்பதில் சுருங்கியது இஸ், நாட் இல்லை. ‘ஸ்’ ஹி-யின் மேல் சாய்ந்துவிட்டது, அதற்கு அடுத்து ப்ராபப்ளி, அதற்குப் பிறகு நாட் தனியாக. இங்கேயும் ப்ராபப்ளி மறுப்புக்கு வெளியேதான் நிற்கிறது. இரண்டிலும் வராத வாக்கியம் “ஹி இஸ்ன்ட் ப்ராபப்ளி கமிங்”. இஸ், ஆர் இரண்டுக்கும் இப்படி இரட்டை வழி தாராளமாக உண்டு. வில்லுக்கு “ஐ’ல் ப்ராபப்ளி நாட்” என்று காதில் விழும், ஆனால் “ஐ ப்ராபப்ளி வோன்ட்” தான் அதிகம் புழங்குகிறது.

ஆம்-க்கு மட்டும் ஒரே வழி. “ஆமன்ட்” என்ற வடிவம் ஸ்காட்லாந்திலும் அயர்லாந்திலும் பேச்சில் உண்டு, மற்ற இடங்களில் அநேகமாகக் கிடையாது. ஆகவே “ஐ’ம்” என்று சுருக்கிவிட்டு நாட்டைத் தனியாகத்தான் வைக்க வேண்டும். அப்போது ரியலி எந்தப் பக்கம் என்பது முக்கியம்: “ஐ’ம் நாட் ரியலி ஷூர்” மென்மை, “ஐ’ம் ரியலி நாட் ஷூர்” அழுத்தம்.

பவானிக்கரை எழுதியது:

அக்கா, பேட்டரி உதாரணம் போட்ட நண்பருக்கும் உங்களுக்கும் ரொம்ப நன்றி. மறுப்பு எதை மூடுகிறது என்று பார்த்தால் போதும் என்பது நன்றாகப் புரிந்தது. அந்த “ஐ நெவர் ஹேவ்” மட்டும் பாக்கி. கூடவே இன்னொன்று, காலில் பேசும்போது இந்த ‘ட்’, ‘வ்’ எதுவும் என் காதில் விழுவதே இல்லை. “ஐ’ட் நெவர்” என்றாரா, “ஐ’வ் நெவர்” என்றாரா, வெறும் “ஐ நெவர்” என்றாரா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஹெட்போன்வாசி எழுதியது:

காலில் கேட்பதைப் பற்றி நான் சொல்கிறேன், ஆடியோவைக் கேட்டு எழுத்தாக்கித் தருகிற வேலை என்னுடையது.

அந்தச் சின்ன ஒலி காதில் விழும் என்று காத்திருக்காதீர்கள். வேகமாகப் பேசும்போது நெவர் முன்னால் இருக்கிற ‘ட்’ கிட்டத்தட்ட கரைந்துவிடும். அட்வெர்பைத் தாண்டி அடுத்து வருகிற வினையைப் பிடியுங்கள். நெவர் சீன் என்று கேட்டால் முன்னால் ‘வ்’ அல்லது ‘ட்’ இருந்தே ஆக வேண்டும், இரண்டில் எது என்பதைப் பேச்சில் இருக்கிற காலம் சொல்லிவிடும். நெவர் சீ என்று கேட்டால் வுட் என்கிற ‘ட்’, அல்லது எதுவுமே இல்லாத சாதாரண நிகழ்காலம். நெவர் சா என்றால் சுருக்கமே இல்லை. “ஷீ’ட் ஆல்வேஸ் ஹெல்ப் அஸ்” என்றால் வுட், உதவி செய்வது அவர் வழக்கமாக இருந்தது. “ஷீ’ட் ஆல்வேஸ் ஹெல்ப்ட் அஸ்” என்றால் ஹேட். இதே ‘ஸ்’-க்கும்: “ஹி’ஸ் ஆல்ரெடி ஈட்டிங்” என்றால் இஸ், “ஹி’ஸ் ஆல்ரெடி ஈட்டன்” என்றால் ஹேஸ்.

மாட்டிக்கொள்கிற இடம் கம், புட், கட் மாதிரி வினைகள். ஹேட்-க்குப் பிறகு வந்தாலும் வுட்-க்குப் பிறகு வந்தாலும் இவற்றின் வடிவம் மாறாது, அதனால் “ஹி’ட் நெவர் கம் பை ஹிம்செல்ஃப்” என்பதில் ‘ட்’ எது என்று அந்த வாக்கியத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது, முன்னும் பின்னும் கேட்க வேண்டும்.

அப்புறம் அமெரிக்கர்களிடம் வேலை பார்க்கிறவர்களுக்கு ஒன்று. கான்ட் என்பதன் கடைசி ‘ட்’டை அவர்கள் பாதியிலேயே நிறுத்திவிடுவார்கள், கேனா கான்ட்டா என்று குழம்பும். உயிரெழுத்து தேய்ந்து ‘கன்’ என்று ஒலித்தால் முடியும், ‘கேன்’ என்று முழுசாக அழுத்தினால் பெரும்பாலும் முடியாது. ஆனால் அதைவிட எளிதான அடையாளம் அட்வெர்ப் நிற்கிற இடம். “ஐ கன் ப்ராபப்ளி டூ தட்” என்று ப்ராபப்ளி பின்னால் வந்தால் முடியும். “ஐ ப்ராபப்ளி கேன் டூ தட்” என்று ப்ராபப்ளி முன்னால் வந்து துணைவினையில் அழுத்தமும் விழுந்தால், ‘ட்’ கேட்காவிட்டாலும் அது கான்ட்டாக இருக்கவே வாய்ப்பு அதிகம். நூற்றுக்கு நூறு இல்லை, அழுத்திச் சொல்ல “ஐ ப்ராபப்ளி கேன்” என்றும் வரும். சந்தேகம் இருந்தால் திருப்பிக் கேட்டுவிடுங்கள், தேதி விஷயத்தில் யூகிக்க வேண்டாம்.

வைகறை எழுதியது:

“ஐ நெவர் ஹேவ்” பாக்கியை முடித்துவிடலாம். நீங்கள் கேட்ட இரண்டு காரணமும் சரி, இரண்டும் தனித்தனியாகவே போதும்.

‘வ்’ மாதிரி தேய்ந்த வடிவத்தில் அழுத்தம் விழ முடியாது. வாக்கியத்தில் வினை சொல்லாமல் விடப்பட்டு துணைவினையோடு முடிந்தால் அழுத்தம் அதன் மேல் வந்து விழும், அதனால் முழுசாகத்தான் இருக்க வேண்டும். “யெஸ், ஐ ஆம்” என்போம், “யெஸ், ஐ’ம்” என்று முடிக்க முடியாது. “ஐ’ம் பிஸியர் தேன் ஐ யூஷுவலி ஆம்” என்பதில் முதல் ஆம் சுருங்கியிருக்கிறது, கடைசி ஆம் சுருங்கவில்லை. “டூ யூ நோ வேர் இட் இஸ்?” என்பதிலும் கடைசி இஸ் சுருங்காது. ஆனால் ‘ன்ட்’ வடிவங்கள் தெம்பானவை என்றேனே, அவை கடைசியில் தாராளமாக நிற்கும்: “நோ, ஐ ப்ராபப்ளி வோன்ட்”, “ஐ ரியலி டோன்ட்”.

இரண்டாவது காரணம், உடன்பாட்டு வாக்கியத்தில் அட்வெர்பைத் துணைவினைக்கு முன்னால் கொண்டுவந்தாலே அது அழுத்திச் சொல்வது. “ஐ’வ் ரியலி ட்ரைட்” சாதாரணம். நம்பாதவரிடம் சொல்லும்போது “ஐ ரியலி ஹேவ் ட்ரைட்”, ஹேவ் மேல் குரலை ஏற்றி. அங்கே சுருக்கினால் ஏற்றுவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

புதுத்தாள் எழுதியது:

எல்லாம் சரி, ஆனால் ஆபீஸ் மெயிலில் சுருக்க வடிவமே எழுதக்கூடாது என்று எங்களுக்குப் பள்ளியில் சொன்னார்களே? விரித்து எழுதிவிட்டால் இந்தத் தலைவலியே இல்லை.

சாட்_ராத்திரி எழுதியது:

விரித்தாலும் அட்வெர்ப் எங்காவது நின்றுதானே ஆக வேண்டும்? “ஐ டோன்ட் ரியலி”, “ஐ ரியலி டோன்ட்” இரண்டையும் விரித்தால் “ஐ டூ நாட் ரியலி”, “ஐ ரியலி டூ நாட்” என்று அதே வித்தியாசம் அப்படியே இருக்கும். அதோடு விரிப்பதிலும் ஒரு பள்ளம் உண்டு. “ஒய் டோன்ட் யூ ஆல்வேஸ் காப்பி மீ?” என்பதை “ஒய் டூ நாட் யூ” என்று விரிக்க முடியாது, நாட் நகர்ந்து “ஒய் டூ யூ நாட் ஆல்வேஸ் காப்பி மீ?” என்று வர வேண்டும். படித்தால் அதட்டுகிற மாதிரி இருக்கிறது.

ஒப்பந்தம், தேர்வுக் கட்டுரை, கல்லூரிக்குப் போடுகிற விண்ணப்பம் இதற்கெல்லாம் விரித்தே எழுதுங்கள். கூட வேலை செய்கிறவருக்கு மெயில் என்றால் சுருக்கம்தான் இயல்பு. சுருக்குவதைப் பற்றிய கோபம் புதிதும் இல்லை, 1710-லேயே எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் ‘டாட்லர்’ பத்திரிகையில் சொற்களை வெட்டிச் சுருக்குகிறார்கள் என்று கண்டித்து எழுதினார். இன்றும் எல்லோரும் சுருக்கிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பவானிக்கரை எழுதியது:

கடைசியாக ஒன்றே ஒன்று. ஹார்ட்லி எந்தப் பக்கம் வரும்? “ஐ கான்ட் ஹார்ட்லி ஹியர் யூ” என்று ஒருவர் சொல்லிக் கேட்டிருக்கிறேன்.

வைகறை எழுதியது:

ஹார்ட்லிக்குள்ளேயே மறுப்பு இருக்கிறது, நெவர் மாதிரி. அதனால் பொது ஆங்கிலத்தில் துணைவினை உடன்பாட்டில்தான் இருக்கும்: “ஐ கேன் ஹார்ட்லி ஹியர் யூ”. நீங்கள் கேட்டதும் உண்மையான வழக்குதான், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பல வட்டாரப் பேச்சுகளில் இரண்டு மறுப்பைச் சேர்த்துச் சொல்வார்கள், அவர்களுக்குள் அது முறையான பேச்சு. கேட்டால் புரிந்துகொள்ளுங்கள், மெயிலில் எழுதும்போது கேன் போடுங்கள். “ஐ’வ் ஹார்ட்லி ஸ்டார்ட்டட்”, “ஷீ’ட் ஹார்ட்லி ஸ்லெப்ட்” என்று சுருக்கமும் வழக்கம்போல வரும், ஹார்ட்லி அதற்கு அடுத்து.